காரைக் கழுவுகிறீர்களா, கீறுகிறீர்களா?

கம்ப்யூட்டர் பத்திரிகையில் கார் கழுவுவதைப் பற்றிய கட்டுரையா என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. இன்று நம் வீட்டு வாசலில் நிற்கும் சாதாரண காரில் கூட பல சிறிய கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. இன்ஜினுக்கு ஒன்று, ஏர்பேக்கிற்கு ஒன்று, ஏபிஎஸ் பிரேக்கிற்கு ஒன்று, கதவுப் பூட்டுக்கும் விளக்குகளுக்கும் சேர்த்து ஒன்று என்று வைத்திருக்கிறார்கள். மேசையில் இருக்கும் கீ போர்டில் ஒரு சொட்டு காபி சிந்தினால் பதறிப் போகிறோம். ஆனால் நாலு சக்கரம் வைத்த கம்ப்யூட்டர் மீது, பானெட்டையும் திறந்து வைத்துக்கொண்டு, தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறோம். நானும் அடித்தவன்தான். மறுநாள் காலை என்ன நடந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் பெயின்ட்டைப் பார்ப்போம். அதிலும் என் கை வேலை கொஞ்சம் உண்டு.

மூன்று வருடங்களுக்கு முன் செகண்ட் ஹேண்டில் ஒரு கறுப்பு நிறச் சிறிய கார் வாங்கினேன். அடுக்குமாடி வீட்டின் தரைத் தளத்தில், நிழலில் நிற்கும். பார்க்கப் புதுசு போலவே இருந்தது. ஒரு நாள் மத்தியானம் பெட்ரோல் பங்கில் இறங்கி நின்றபோதுதான் கவனித்தேன். பானெட் முழுவதும் சூரியனைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியது போல வட்ட வட்டமாகக் கீறல்கள். யாரும் ஆணியால் கீறவில்லை. தினமும் துடைத்ததால் வந்தது.

இது எப்படி என்று புரிய, பெயின்ட் எவ்வளவு மெல்லியது என்று தெரிய வேண்டும். கார் தகட்டின் மேல் இருப்பது ஒரே பூச்சு அல்ல. துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம் தரும் பேஸ் கோட், கடைசியாக நிறமே இல்லாத கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்தாலும் பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான்தான் வரும். ஒரு மைக்ரான் என்பது மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நாம் பிரிண்டரில் வைக்கும் ஏ4 தாளின் கனம் ஏறக்குறைய 100 மைக்ரான். ஆக, ஒரு தாள் அல்லது ஒன்றரைத் தாள் கனம்தான் உங்கள் காரின் மொத்தப் பெயின்ட். அதிலும் கிளியர் கோட் 40, 50 மைக்ரான் அளவுதான். நம் தலைமுடியை விட மெல்லியது.

பளபளப்பைத் தருவதும், வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் இந்தக் கிளியர் கோட்தான். இதில் ஒரு மணல் துகளை வைத்துத் துணியால் அழுத்தி இழுத்தால் என்ன ஆகும்? மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். அது கண்ணாடியையே கீறும். பெயின்ட் எம்மாத்திரம்! கீறல் விழுந்த சிடியைச் சாய்த்துப் பார்த்த நினைவு இருக்கிறதா? அதே கதைதான். கீறல்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாக இருக்கின்றன. ஆனால் ஒரு விளக்கின் ஒளி விழும்போது, அந்த ஒளிக்குக் குறுக்கே கிடக்கும் கீறல்கள் மட்டும் நம் கண்ணுக்கு மின்னுகின்றன. அதனால்தான் விளக்கைச் சுற்றி வட்டம் போட்டது போலத் தெரிகிறது. உங்கள் காரில் இருக்கிறதா என்று பார்க்க, மொபைல் போனின் டார்ச்சை அடித்துப் பாருங்கள். வெள்ளை, சில்வர் நிறங்களில் கீறல் இருந்தும் கண்ணுக்குத் தெரியாது. கறுப்பும் கருநீலமும் எதையும் மறைக்காது.

எங்கள் குடியிருப்பில் காலையில் ஒரு பெரியவர் எல்லாக் கார்களையும் துடைப்பார். ஒரு வாளித் தண்ணீர், ஒரு துணி. பத்தாவது காருக்கு வரும்போது வாளியில் முதல் ஒன்பது கார்களின் மண்ணும் இருக்கும். நான் அவரிடம், "அண்ணே, ஒரு தடவை தண்ணி ஊத்திட்டு அப்புறம் துடைக்கலாமே" என்றேன். "தம்பி, இங்க பைப் போடக் கூடாதுன்னு அசோசியேஷன்ல சொல்லிட்டாங்க. தூசியோட விட்டா ஓனருங்க திட்டுறாங்க. நான் என்ன பண்றது?" என்றார். அவர் சொன்னது நியாயம். மாதச் சம்பளம் கொடுத்து, தினமும் கீறச் சொன்னது நாம்தான். அன்றிலிருந்து என் காரைத் தினமும் துடைக்க வேண்டாம், கண்ணாடிகளை மட்டும் துடைத்தால் போதும் என்று சொல்லி, அதற்குத் தனியாக இரண்டு துணி வாங்கிக் கொடுத்தேன். சம்பளத்தைக் குறைக்கவில்லை.

கார் மேல் சும்மா படிந்திருக்கும் தூசி பெயின்ட்டை ஒன்றும் செய்யாது. ஒரு வாரம் அப்படியே இருக்கட்டும். அதைக் காய்ந்த துணியாலோ, கோழி இறகு போன்ற டஸ்டராலோ தட்டித் துடைப்பதுதான் கெடுதல். ஆனால் பறவை எச்சம் அப்படியல்ல. அதை உடனே எடுக்க வேண்டும். வெயிலில் பெயின்ட் சூடாகி இளகும். எச்சம் காய்ந்து இறுகும். மாலையில் பெயின்ட் குளிர்ந்து சுருங்கும்போது அந்த எச்சத்தின் வடிவத்திலேயே ஒரு தழும்பு விழுந்துவிடும். எச்சத்தைச் சுரண்டாதீர்கள். ஈரத் துணியை அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டு வைத்து, ஊறியதும் தேய்க்காமல் அள்ளி எடுங்கள். டேஷ்போர்டில் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டிலும் ஒரு துணியும் எப்போதும் இருக்கட்டும்.

தண்ணீரையும் அளந்து பாருங்கள்

ஆர்.ஓ. மெஷின் ரிப்பேர் செய்ய வருபவர்கள் பேனா போல ஒரு மீட்டரை வைத்திருப்பார்கள். டிடிஎஸ் மீட்டர் என்று பெயர். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவை லிட்டருக்கு இத்தனை மில்லி கிராம் என்று காட்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 10500 என்ற விதிப்படி குடிநீரில் இது 500க்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை ஏற்கலாம். எங்கள் போர் தண்ணீரில் 1400 காட்டியது.

குடிப்பதற்குச் சரி, கழுவுவதற்கு என்ன என்று கேட்பீர்கள். ஒரு சொட்டு போர் தண்ணீர் பானெட்டில் காயும்போது தண்ணீர் மட்டும்தான் ஆவியாகிறது. கால்சியமும் மெக்னீசியமும் அங்கேயே தங்குகின்றன. அதுதான் வெள்ளை வெள்ளையாக வட்டப் புள்ளி. வெயில் நேரத்தில் கழுவினால், துணியை எடுத்து வருவதற்குள் ஆயிரம் புள்ளி விழுந்துவிடும். பல நாள் விட்டால் வெறும் ஷாம்பூவுக்கு அசையாது. புதிய புள்ளியாக இருந்தால் வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து, துணியில் நனைத்து, ஒரு நிமிடம் வைத்து எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரால் கழுவி விடலாம். வினிகர் அமிலம், சுண்ணாம்பைக் கரைக்கும். வாளி, கெட்டில் ஆகியவற்றில் படியும் உப்பை எடுக்க நம் வீடுகளில் எலுமிச்சம்பழம் தேய்ப்பது இதே காரணத்தால்தான்.

இங்கே பலர் செய்யும் ஒரு தவறைச் சொல்ல வேண்டும். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவு நீரை வீணாக்காமல் கார் கழுவப் பயன்படுத்துங்கள் என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருகிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் உள்ளே போன தண்ணீரில் இருந்த உப்பில் பெரும்பகுதி இந்தக் கழிவு நீரில்தான் வருகிறது. எனவே போர் தண்ணீரை விட இது இன்னும் மோசம். அதை வீட்டுத் தரை துடைக்கவும், பாத்ரூமுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். காருக்குக் கடைசியாக ஊற்ற, ஏ.சி. மெஷினிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். அது காற்றில் இருந்த ஈரம் குளிர்ந்து வருவது. உப்பு மிகக் குறைவு. நான் அளந்தபோது 30க்கும் கீழே காட்டியது. சென்னைப் புழுக்கத்தில் ஒரு இரவுக்கு ஒரு வாளி நிரம்பிவிடும். மெல்லிய துணியில் வடிகட்டிக்கொண்டால் போதும். பேட்டரிக்கு மட்டும் இதை ஊற்றாதீர்கள். அதற்குக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர்தான்.

இனி கழுவலாம்

வேண்டியவை: இரண்டு வாளிகள், ஒரு மக், கார் ஷாம்பூ, கையுறை போல மாட்டிக்கொள்ளும் மைக்ரோபைபர் வாஷ் மிட், துடைக்கப் பெரிய மைக்ரோபைபர் டவல் இரண்டு, சக்கரத்துக்கு என்று தனியாக ஒரு பழைய துணியும் பிரஷ்ஷும்.

பாத்திரம் கழுவும் லிக்விட் வேண்டாம். அது எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கவே செய்யப்பட்டது. நீங்கள் காசு கொடுத்துப் போட்ட வேக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும். துணி துவைக்கும் பவுடர் அதை விட மோசம். அது நல்ல காரத்தன்மை உள்ளது. கார் ஷாம்பூ பொதுவாக நடுநிலை, அதாவது பிஎச் அளவு 7க்கு அருகில் இருக்கும்படி தயாரிக்கப்படுகிறது. ஸ்பாஞ்சும் வேண்டாம். அதன் மேற்பரப்பு தட்டையாக இருப்பதால் மண் அதற்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு உருளும். மைக்ரோபைபர் மிட்டில் இருக்கும் நீளமான இழைகளுக்குள் மண் புகுந்துகொள்ளும்.

காலை வெயில் ஏறும் முன் அல்லது மாலையில், நிழலில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். பானெட்டைத் தொட்டால் கையில் சூடு தெரியக் கூடாது. ஆரம்பிக்கும் முன் மூன்று விஷயங்கள். மழை பெய்தால் தானாக ஓடும் வைப்பர் உங்கள் காரில் இருந்தால் அதை ஆப் செய்யுங்கள். இல்லையென்றால் கண்ணாடி கழுவும்போது கையில் அடிக்கும். பட்டன் ஸ்டார்ட் காராக இருந்தால் சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். சாவி பாக்கெட்டில் இருந்தால் கைப்பிடியில் துணி படும்போதெல்லாம் கதவு திறந்து பூட்டும். மூன்றாவது, நம் கையில் இருக்கும் மோதிரம், வாட்ச், இடுப்பில் பெல்ட் பக்கிள். என் காரின் பின் கதவில் இருக்கும் மூன்றங்குலக் கோடு பெல்ட் பக்கிள் போட்டதுதான்.

சக்கரங்களை முதலில் கழுவிவிடுங்கள். பிரேக்கிலிருந்து உதிரும் பொடியில் இரும்புத் துகள்கள் இருக்கும். அந்தத் துணி எக்காரணத்தைக் கொண்டும் பானெட்டுக்கு வரக் கூடாது. பிறகு மக்கால் கூரையிலிருந்து கீழ் நோக்கித் தண்ணீர் ஊற்றுங்கள். இன்னும் தேய்க்கக் கூடாது. தானாக வழிந்து போகிற மண் போகட்டும். கழுவுவதில் பாதி வேலை இதுதான். பலர் தாண்டிப் போவதும் இதைத்தான்.

இப்போது ஒரு வாளியில் ஷாம்பூ தண்ணீர், இன்னொரு வாளியில் வெறும் தண்ணீர். மிட்டை ஷாம்பூவில் நனைத்துக் கூரையில் இருந்து ஆரம்பியுங்கள். அழுத்தாமல், வட்டமாகச் சுற்றாமல், நேர்கோட்டில் இழுங்கள். ஒரு பகுதி முடிந்ததும் மிட்டை வெறும் தண்ணீர் வாளியில் நன்றாக அலசிப் பிழிந்த பிறகுதான் மறுபடி ஷாம்பூ வாளியில் போட வேண்டும். இதன் பலன் என்ன என்று சந்தேகம் இருந்தால், முடிந்த பிறகு இரண்டு வாளிகளின் அடியையும் பாருங்கள். வெறும் தண்ணீர் வாளியில் அடியில் தங்கியிருக்கும் மண் அத்தனையும், ஒரே வாளி முறையில் மறுபடி உங்கள் கார் மேல் போயிருக்கும். கதவுகளின் கீழ்ப் பாதியும் பம்பரின் கீழ்ப் பகுதியும்தான் அதிக அழுக்கு. அவற்றைக் கடைசிக்கு வையுங்கள்.

ஷாம்பூ காய்வதற்குள் தண்ணீர் ஊற்றி, கடைசியாக ஏ.சி. தண்ணீரை ஊற்றிவிட்டு, பெரிய டவலை விரித்துப் போட்டு மெதுவாக இழுத்து எடுங்கள். டவல் கை தவறித் தரையில் விழுந்தால் அன்றைக்கு அது காருக்கு இல்லை. மறுபடி துவைத்த பிறகுதான். துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் கண்டிஷனர் போடாதீர்கள்; இழைகளில் படிந்து தண்ணீரை உறிஞ்ச விடாது. வேலை முடிந்ததும் தெருவில் ஒரு சுற்றுச் சுற்றி, நாலைந்து முறை பிரேக்கை அழுத்துங்கள். பிரேக் டிஸ்க்கில் இருக்கும் ஈரம் போகும்.

இந்த முறையில் எனக்கு ஒரு தடவைக்கு 50 லிட்டர் போதுமானதாக இருக்கிறது. ஹோஸ் பைப்பில் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் என்று வைத்தாலும் கால் மணி நேரத்தில் 150 லிட்டர் போய்விடும். 2019ஆம் வருடக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, தண்ணீர் லாரிக்குக் குடத்தை வைத்துக்கொண்டு நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். பெங்களூரில் 2024 மார்ச்சில் குடிநீரில் வாகனம் கழுவினால் 5000 ரூபாய் அபராதம் என்றே உத்தரவு போட்டார்கள். தண்ணீர்க் கஷ்டம் உள்ள நாட்களில் ரின்ஸ்லெஸ் வாஷ் என்று விற்கும் திரவத்தை ஒரு வாளித் தண்ணீரில் கலந்து கழுவலாம். அதிலுள்ள பாலிமர் மண்ணைச் சுற்றிக்கொண்டு வழுக்க வைக்கும். லேசான தூசிக்கு மட்டும் இது சரி. சேறு அப்பிய காருக்குத் தண்ணீர் ஊற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

வேக்ஸ், பாலிஷ், டெப்லான், செராமிக்

நான்கும் ஒன்றே என்பது போலத்தான் கடைகளில் பேசுகிறார்கள். ஒன்றல்ல. பாலிஷ், ரப்பிங் காம்பவுண்ட் இரண்டும் தேய்ப்புப் பொடி கலந்தவை. கீறலை நிரப்புவதில்லை, கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைக் கீறலின் ஆழம் வரை தேய்த்துச் சமமாக்குகின்றன. ஒவ்வொரு முறையும் அந்த 40 மைக்ரானில் கொஞ்சம் குறைகிறது. எனவே சர்வீஸ் விடும் ஒவ்வொரு முறையும் பாலிஷ் போடச் சொல்லாதீர்கள். நகத்தால் தடவினால் நகம் மாட்டும் அளவுக்கு ஆழமான கீறல் பாலிஷில் போகாது.

வேக்ஸ் என்பது மேலே ஒரு மெல்லிய படலம். பிரேசிலில் வளரும் கார்னவ்பா என்ற பனை வகையின் இலையிலிருந்து எடுப்பது மிகவும் பெயர் பெற்றது. நம் வெயிலுக்கு ஒன்றிரண்டு மாதம்தான் தாங்கும். ஆனால் நாமே அரை மணி நேரத்தில் போட்டுவிடலாம். நான் இதைத்தான் போடுகிறேன்.

டெப்லான் கோட்டிங் என்று புதுக் கார் வாங்கும்போது ஆயிரக்கணக்கில் பில் போடுவார்கள். தோசைக் கல்லில் இருக்கும் அதே டெப்லான். அது 327 டிகிரி செல்சியஸில்தான் உருகும். கல்லில் அதைவிட அதிகச் சூட்டில்தான் பதிக்கிறார்கள். அந்தச் சூட்டில் காரை வைத்தால் பெயின்ட்டே மிஞ்சாது. ஆக, கார் மேல் பூசுவது தோசைக் கல்லில் இருப்பது போல ஒட்டிக்கொள்ளும் என்று நம்பாதீர்கள்.

செராமிக் கோட்டிங் நிஜமாகவே பெயின்ட்டோடு நன்றாக ஒட்டும். சிலிக்கா அடிப்படையிலானது. தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும், கழுவுவதும் சுலபம். ஆனால் விளம்பரத்தில் 9எச் கடினம் என்று போட்டிருப்பதைப் பார்த்து வைரத்துக்குப் பக்கத்தில் என்று எண்ண வேண்டாம். வைரத்துக்குப் பத்து என்று சொல்கிறார்களே, அந்த அளவுகோல் வேறு. இந்த 9எச் என்பது பென்சிலின் கடினம். எச்பி, 2எச் என்று பள்ளிக்கூடத்தில் வாங்கினோமே, அந்த வரிசையில் ஒன்பதாவது எச். அந்தப் பென்சிலால் கீறினால் கீறல் விழாது என்பதுதான் பொருள். மணலுக்கு இந்தக் கணக்கு தெரியாது. செராமிக் போட்ட காரையும் இரண்டு வாளி வைத்துத்தான் கழுவ வேண்டும்.

நான் செய்த தவறு

இப்போது அந்தக் காலைக் கதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதிதாக வாங்கிய பிரஷர் வாஷரை வைத்து வெளியே கழுவி முடித்தேன். ஆசை விடவில்லை. பானெட்டைத் திறந்து இன்ஜினையும் அடித்தேன். கறுப்பாக இருந்தது பளிச்சென்று ஆனது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மறுநாள் காலை 6 மணிக்கு அவருக்குக் கண்புரை ஆபரேஷன். ஐந்தரைக்குக் காரை ஸ்டார்ட் செய்தால் வண்டி மாவு மில் போலக் குலுங்குகிறது. டேஷ்போர்டில் மஞ்சள் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிகிறது. பின் சீட்டில் இருந்த அப்பா, "வண்டியைக் குளிப்பாட்டுனது போதும்டா, ஆட்டோவைக் கூப்பிடு" என்றார். ஆபரேஷன் நேரத்துக்கு ஆட்டோவில்தான் போனோம்.

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும், இருநூறு முந்நூறு ரூபாய்க்கு முன்பு வாங்கி வைத்திருந்த ஈஎல்எம்327 புளூடூத் அடாப்டரைத் தேடி எடுத்தேன். கம்ப்யூட்டருக்கு யுஎஸ்பி போர்ட் போல காருக்கு ஓபிடி போர்ட். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 ஊசிகள் கொண்ட சாக்கெட்டாக இருக்கும். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து ஓபிடி-2 கட்டாயம். நம் நாட்டில் 2013 ஏப்ரலிலிருந்து பிஎஸ்-4 கார்களுக்கு வந்தது. அடாப்டரைச் செருகி, மொபைலில் ஆப்பைத் திறந்தால் பி0302 என்று காட்டியது. இரண்டாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள்.

இரண்டாவது சிலிண்டரின் மேல் இருக்கும் இக்னிஷன் காயிலைக் கழற்றிப் பார்த்தேன். ஸ்பார்க் பிளக் இருக்கும் குழிக்குள் தண்ணீர் தேங்கி நின்றது. பொறி பிளக்கில் பறக்காமல் தண்ணீர் வழியே ஒழுகிப் போயிருக்கிறது. துணியைக் கம்பியில் சுற்றி ஒற்றி எடுத்து, ஹேர் டிரையரில் குளிர்ந்த காற்றை அடித்துக் காய வைத்து மாட்டினேன். குலுக்கல் நின்றது. அதன் பிறகுதான் ஆப்பில் அந்தக் கோடை அழித்தேன். கோளாறைச் சரி செய்யாமல் கோடை மட்டும் அழிப்பது, வைரஸை விட்டுவிட்டு எச்சரிக்கை விண்டோவை மட்டும் மூடுவது போல.

இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டி மெக்கானிக்கிடம் போகலாம். விட்டு விட்டு எரிந்தால் ஓட்டவே கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குப் போய் அங்கே எரியும். அது பழுதானால் செலவு பல ஆயிரங்கள். அன்று ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும் என்று அதே வண்டியை ஓட்டியிருந்தால் எனக்கும் அதுதான்.

மழையில் ஓடுகிற கார்தானே, தண்ணீர் பட்டால் என்ன என்று தோன்றும். மழை வேறு, பிரஷர் வாஷர் வேறு. டயரில் நாம் அடிக்கும் காற்று ஏறக்குறைய 2.2 பார். வீட்டுக்கு விற்கும் பிரஷர் வாஷர் 100 பாருக்கு மேல். மொபைல் பெட்டியில் ஐபி67 என்று போட்டிருப்பார்களே, அதில் 7 என்பது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே போகாது என்பதைத்தான் குறிக்கிறது. பீய்ச்சி அடிக்கும் தண்ணீருக்கு வேறு எண்கள், வேறு சோதனை. ஒன்றில் தேறியது மற்றதில் தேறும் என்று இல்லை. காரின் ஒயர் கனெக்டர்களுக்கும் இதே கணக்குத்தான்.

எனவே இன்ஜின் ஆறிய பிறகு ஈரத் துணியாலும் சின்ன பிரஷ்ஷாலும் துடைத்தால் போதும். பியூஸ் பாக்ஸ், ஆல்டர்னேட்டர், காயில், காற்று உள்ளே போகும் குழாய் இவற்றின் பக்கம் தண்ணீரே வேண்டாம். வெளியே பிரஷர் வாஷர் பயன்படுத்தினாலும் ஒன்றிரண்டு அடி தள்ளி நில்லுங்கள். ரிவர்ஸ் கேமரா, பார்க்கிங் சென்சார், கதவு ரப்பர், ஏற்கெனவே பெயின்ட் உரிந்த இடம் இவற்றுக்கு நேராக அடிக்காதீர்கள். உள்ளே இருக்கும் டச் ஸ்கிரீனுக்கு எல்சிடி மானிட்டருக்குச் சொல்லும் விதியே பொருந்தும்: திரவத்தைத் திரையில் தெளிக்காமல் துணியில் தெளித்துத் துடைக்க வேண்டும், அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் கூடாது.

கழுவும்போதே பார்க்க வேண்டியவை

வைப்பருக்குக் கீழே, கண்ணாடியும் பானெட்டும் சேரும் இடத்தில் இலைகள் குவிந்திருக்கும். அள்ளிப் போடுங்கள். அங்கிருக்கும் வடிகால் அடைத்தால் மழைத் தண்ணீர் டேஷ்போர்டுக்குள் இறங்கும். அங்கேதான் பல கார்களில் கன்ட்ரோல் யூனிட்டுகளை வைத்திருக்கிறார்கள். கதவுகளின் அடியிலும் சின்னத் துவாரங்கள் உண்டு. மண் அடைத்தால் கதவுக்குள் தண்ணீர் நின்று உள்ளிருந்து துருப்பிடிக்கும். ஒரு பழைய டூத் பிரஷ் போதும். இசிஆர் பக்கம் கடற்கரைக்குப் போய் வந்தால் மறுநாளே அடிப்பாகத்துக்குத் தண்ணீர் அடித்துவிடுங்கள்.

பேட்டரி முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தால், முதலில் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, பேக்கிங் சோடா கரைத்த நீரால் பிரஷ் போட்டுத் துடைக்கலாம். மல்டி மீட்டர் இருந்தால், இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2க்குக் கீழே என்றால் பேட்டரி கடைக்குப் போகும் காலம் வந்துவிட்டது, அல்லது வண்டி அதிகம் ஓடவில்லை. டயர் காற்றை ஓட்டுவதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள்; எவ்வளவு என்பது டிரைவர் கதவைத் திறந்தால் அங்கே ஸ்டிக்கரில் இருக்கும். கார் கவர் போடுபவர்கள், தூசி படிந்த காரின் மேல் அதைப் போட்டு இழுக்க வேண்டாம். காற்றில் படபடக்கும் கவரும் உப்புத்தாளும் ஒன்றுதான்.

செலவைக் கேட்பீர்கள். வாளிகள் வீட்டில் இருந்தவை. மிட், டவல்கள், ஷாம்பூ, வேக்ஸ், டிடிஎஸ் மீட்டர் எல்லாம் சேர்த்து எனக்கு இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. ஷாம்பூ இன்னும் பாதி இருக்கிறது. பிரஷர் வாஷரைத் தம்பி தன் பைக்குக்கு என்று வாங்கிப் போய்விட்டான். இன்ஜினில் அடிக்காதே என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறேன்.